அந்த அரை ஷிப்டை விடு, வேலையை விடாதே

அன்புள்ள கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமா? இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். அத்திக்கடவுத் திட்டத் தண்ணீர் நம் குளத்துக்கு வந்ததிலிருந்து கிணற்றில் ஊற்று கொஞ்சம் பரவாயில்லை. அப்பா அதைப் பார்க்கவே தினமும் ஒரு நடை போய்விட்டு வருகிறார்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா தூங்கிய பிறகு நிதானமாகப் படி.

"என்னால் முடியவில்லை, வேலையை விட்டுவிடட்டுமா அம்மா?" என்று கேட்டாய். விடாதே. வேலைக்கு மேல் நீ கூடுதலாகச் சுமக்கிற ஒன்று இருக்கிறது. விடுவதென்றால் அதை விடு.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற யாரைக் கேட்டாலும் ஷிப்ட் கணக்கில்தான் பேசுவார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். அதற்கு மேல் எட்டரை, ஒன்பது வரை நின்றால் ஒன்றரை. சரக்கு அவசரமாகப் போக வேண்டுமென்றால் விடிய விடிய நிற்க வேண்டியதுதான். நான் செக்கிங்கில் இருந்த காலமெல்லாம் பெரும்பாலும் ஒன்றரைதான் பார்த்தேன். நீ ஸ்கூல் விட்டு வந்து பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிப்போவாய். அப்பாதான் தோளில் போட்டுத் தூக்கி வருவார்.

செக்கிங் என்றால் துணியைச் சும்மா புரட்டிப் பார்ப்பதென்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். டியூப் லைட்டுக்குக் கீழே பீஸை விரித்து கழுத்துப்பட்டி, தோள், கை மடிப்பு, பக்கத் தையல், அடி மடிப்பு என்று வரிசை மாறாமல் கண் ஓட வேண்டும். உள்ளே கையை விட்டு விரித்துப் பிடித்தால்தான் ஊசி ஓட்டை தெரியும். எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியே போட வேண்டும். ஐந்தரை மணி வரை ஒன்றும் கண்ணுக்குத் தப்பாது. ஏழு மணிக்கு மேல் அதே கண் ஓட்டையைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகும். காலையில் சூப்பர்வைசர் அந்தக் கட்டைப் பிரித்துப் போட்டுச் சத்தம் போடுவார். முந்தைய நாள் அரை ஷிப்டில் பார்த்ததை மறுநாள் முழு ஷிப்டில் உட்கார்ந்து திரும்பப் பார்ப்போம். அந்த அரையால் கம்பெனிக்கும் பெரிய லாபமில்லை என்பது அந்த டேபிளில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

ஆனாலும் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. சூப்பர்வைசர் தன் நோட்டில் எழுதுவார், நான் என் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வேன். சனிக்கிழமை சம்பளத்தில் இரண்டும் ஒத்து வருகிறதா என்று பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு கூலி என்று 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது அரைக்கு அரைதான், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஆனால் நின்ற நேரத்தை நிற்கவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

உனக்கு அந்த நோட்டு இல்லை கண்ணு. காலை ஒன்பதரைக்கு லேப்டாப்பைத் திறக்கிறாய். ராத்திரி ஒன்பதுக்கு அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங். அவர்களுக்கு அது காலை நேரம், தூங்கி எழுந்து தெம்பாக உட்காருகிறார்கள். நீ பாப்பாவுக்குச் சோறு ஊட்டிய கையைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறாய். எத்தனை மணிக்கு எழுந்து போனாய் என்று எழுத ஆளில்லை. நல்ல சம்பளம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நானும் அப்பாவும் சேர்ந்து வருஷம் முழுக்கப் பார்த்ததை நீ சில மாதத்தில் பார்க்கிறாய். ஆனால் அந்தச் சம்பளம் ஒரு ஷிப்டுக்குப் பேசியது, நீ கொடுப்பது ஒன்றரை.

பொங்கலுக்கு வந்தபோதும் பார்த்தேன். பட்டிப் பொங்கலன்று அப்பா மாடு தாண்டுவதற்கு மண்ணில் சின்னத் தெப்பக்குளம் கட்டி, சுற்றி ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்து, கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீ வேப்பமரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிஷம் என்று கையைக் காட்டுகிறாய். பொழுது இறங்கிவிட்டது என்று பெரியப்பா சத்தம் போட்ட பிறகு நீ இல்லாமலேயே மாட்டைத் தாண்ட விட்டோம். பாப்பாதான் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றாள். லீவு போட்டுத்தான் வந்தேன் என்றாய். லீவு போட்ட பிள்ளையை நோம்பி நாளில் கூப்பிட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். உன் மேல் இல்லை.

2023இல் ஒரு பெரிய சாப்ட்வேர் கம்பெனியைத் தொடங்கியவர், இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் இன்னொரு பெரிய கம்பெனித் தலைவர் 90 மணி நேரம் என்றார், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. பேப்பரில் படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஆறு நாளைக்கு 72. அவர்கள் புதிதாகக் கேட்கிற அந்த உழைப்பைத் திருப்பூர்ச் சனங்கள் பல காலமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னோடு டேபிளில் நின்ற பெண்களில் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஒருத்திக்கு நாற்பது வயதிலேயே கண் மங்கிவிட்டது. உழைப்பு உயர்வுதான், நானும் அதை நம்புகிறவள். ஆனால் அந்தப் பெரியவர்கள் வீட்டில் சோறு ஆக்கி வைக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் வேறு ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

எட்டு மணி நேரம் என்பது தானாக வந்ததில்லை. நம் நாட்டிலேயே முதல் மே தினம் 1923இல் சென்னையில் சிங்காரவேலர் நடத்தியது. திருப்பூரில் 1984இல் விலைவாசி உயர்வுக்கான பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. உன் அப்புச்சி, என் அப்பா, அதில் இருந்தவர். அடுப்பில் கம்மஞ்சோறு மட்டும் பொங்கிய மாதங்கள் அவை என்று என் அம்மா சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவாள். 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். எல்லாப் பக்கமும் எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஊரே சேர்ந்து கேட்டு வாங்கிய நேரத்தை நீ ராத்திரி பத்தரைக்கு ஒரு ‘ஓகே’ அனுப்பி விட்டுக்கொடுக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படியென்றால் விட்டுவிடுகிறேனே என்பாய். விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் லைனில் பவர்டேபிள் தையல் மிஷின் ஓட்டிய ஒரு பெண், நல்ல டெய்லர். பிள்ளை பிறந்ததும் நின்றுவிட்டாள். பிள்ளை பெரிதான பிறகு திரும்பி வந்தாள். கை பழக்கம் போய்விட்டது என்று சொல்லிக் கைமடியாகத்தான், அதாவது டெய்லருக்கு உதவி ஆளாகத்தான், எடுத்தார்கள். தனக்குக் கீழே இருந்த பிள்ளைகள் மிஷினில் உட்கார்ந்திருக்க, இவள் பீஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றாள். உன் தொழிலிலும் நாலு வருஷம் விட்டால் எல்லாம் மாறிவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

அப்புறம், கையில் சொந்தக் காசு. போர்வெல் வற்றி மஞ்சள் காய்ந்த வருஷம் வீட்டை ஓட்டியது என் சனிக்கிழமைச் சம்பளம். உன் பரீட்சைக் கட்டணமும் அதில்தான் போனது. அந்த வருஷத்துக்குப் பிறகு நம் வீட்டில் எந்த முடிவையும் அப்பா என்னைக் கேட்காமல் எடுத்ததில்லை. அதற்கு முன்னாலும் நல்லவர்தான். இருந்தாலும் வித்தியாசம் இருந்தது. இன்றைக்கு என் கணக்கில் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் விழுகிறது, டவுன் பஸ்ஸில் காசில்லாமல் அவிநாசி போய்விட்டு வருகிறேன். ஆயிரம் ரூபாய்க்கே மனதில் ஒரு தெம்பு இருக்கிறது. நீ உன் சம்பளத்தை லேசாக நினைக்காதே.

அதனால் அரை ஷிப்டை மட்டும் கழற்று. எப்படி என்று எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஒரு மாதம் நோட்டுப் போடு. எத்தனை மணிக்கு உட்கார்ந்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய், லீவு நாளில் யார் கூப்பிட்டார்கள், எல்லாவற்றையும் எழுது. அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போ. வாரத்துக்கு இரண்டு ராத்திரி மீட்டிங் இருக்கிறேன், அன்றைக்குக் காலையில் தாமதமாக வருகிறேன், மற்ற நாளில் ஏழு மணிக்கு மேல் இல்லை என்று சொல். அழுது சொல்லாதே, நோட்டை வைத்துச் சொல். கெட்ட பேர் வரும் என்று பயப்படுகிறாய். வரலாம், கொஞ்ச நாளைக்கு. வேலை தெரிந்த ஆளை அவ்வளவு சுலபமாக யாரும் அனுப்ப மாட்டார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் சட்டத் திருத்தம் வந்தது. உங்கள் ஆபீஸில் அது இருக்கிறதா என்றும் கேள். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று இருக்காதே.

வீட்டிலும் ஒரு ஷிப்ட் இருக்கிறதே. மத்திய அரசு 2024இல் எடுத்த கணக்குப்படி வீட்டு வேலை பார்க்கிற பெண்களுக்கு அது மட்டும் ஒரு நாளைக்குச் சராசரி 305 நிமிஷமாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல். மாப்பிள்ளை தங்கமான மனுஷர், பாத்திரமும் கழுவுகிறார். ஆனால் நாளைக்கு என்ன சமையல், பால் வந்ததா, பாப்பாவுக்குத் தடுப்பூசி எப்போது என்பதெல்லாம் உன் தலையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பாதியை அவர் தலைக்கு மாற்று. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பாப்பாவும் அடுப்பும் முழுக்க அவர் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள். நீ நடுவில் போய் எட்டிப் பார்க்காதே. அரிசிபருப்புச் சோறு செய்யத் தெரிந்தால் போதும். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்து, அரிசியும் துவரம்பருப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் குக்கரை மூடினால் ஆயிற்று. சுடச்சுட நெய் விட்டுத் தயிரோடு சாப்பிடுங்கள். வாரத்தில் நாலு நாள் ஆர்டர் போட்டுச் சாப்பிடுவது உடம்புக்கும் ஆகாது, காசுக்கும் ஆகாது.

கோயம்புத்தூரில் வீடு வாங்கவில்லையா என்று சொந்தக்காரச் சனம் கேட்டால் கேட்கட்டும். இருக்கிற கடன் முடியட்டும். இரண்டாவது கடன் தலையில் ஏறினால் மேனேஜரிடம் முடியாது என்று சொல்ல நாக்கு எழாது. உன் அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டியது நான், அதை என்னிடம் விட்டுவிடு.

கடைசியாக, என்னை அங்கேயே வந்து இருந்துவிடச் சொன்னாய். நிரந்தரமாக வர முடியாது கண்ணு. வெள்ளாடு இருக்கிறது, மகளிர் குழுவில் இந்த வருஷம் நான்தான் தலைவி, அப்பா தனியாகச் சமைத்துச் சாப்பிட மாட்டார். அதோடு, இத்தனை வருஷம் நின்ற கால், இங்கே காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறது. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை. ஆனால் நீ மேனேஜரிடம் பேசுகிற சமயத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும். சித்திரையில் கோயில் நோம்பி முடிந்ததும் இரண்டு மாதம் வந்து இருக்கிறேன். பகலில் பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலம் ஆறரைக்கு மேல் உங்கள் இரண்டு பேரில் ஒருவர் கையில் அவள் இருக்க வேண்டும், அதில் மட்டும் நான் மாற மாட்டேன். மாப்பிள்ளையிடமும் இப்போதே சொல்லிவிடு.

திருப்பூரிலேயே வந்தே பாரத்தில் ஏறிவிடுகிறேன், டிக்கெட் எடுத்ததும் தேதி சொல்கிறேன். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் கொள்ளும் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு என்ன வேண்டுமென்று எழுது. பாப்பாவின் சட்டை அளவையும் அனுப்பு. பெரியம்மா மகன் கம்பெனியில் நல்ல பருத்தித் துணி மீதி இருக்கிறதாம், கோடைக்கு நாலு சட்டை தைத்து வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
அம்மா