‘நம்ம ஆள்தானே’ என்று வீட்டை விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் வீட்டை வாடகைக்கு விடுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சட்டம் கேட்கும் காகிதங்களுக்கு முடிவே இல்லை, தெரிந்த தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்பது அவர் கருத்து. நானும் அப்படி நினைத்தவள்தான். அதனால் என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நான் நார்தாம்ப்டனில் நர்ஸாக இருக்கிறேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய தெருவில் எங்களுக்கு ஒரு பழைய வீடு உண்டு. 2017-இல் தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒரு தம்பதிக்கு அதை விட்டோம். டெபாசிட் 900 பவுண்டு. என் வங்கிக் கணக்கிலேயே போட்டு வைத்தேன். சென்னையில் பத்து மாத அட்வான்ஸை வீட்டுக்காரர் கையில் கொடுத்துப் பழகியவர்களுக்கு அதில் தவறு எதுவும் தெரியாது. ஆனால் இங்கே 2007 ஏப்ரலிலிருந்தே, அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் அந்தப் பணத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம். வாங்கிய 30 நாளுக்குள் பதிந்து, விவரத்தைக் குடியிருப்பவருக்கு எழுத்தில் தரவும் வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

2019-இல் என் தங்கை குடும்பத்தோடு இங்கே வந்தபோது வீடு தேவைப்பட்டது. இரண்டு மாத அவகாசம் தந்து, காரணம் சொல்லாமலே காலி செய்யச் சொல்லும் செக்‌ஷன் 21 நோட்டீஸ் கொடுத்தேன். அவர்கள் கவுன்சிலில், அதாவது உள்ளூர் நகராட்சியில், போய் விசாரித்திருக்கிறார்கள். டெபாசிட்டைப் பதியவில்லை, கேஸ் சோதனைச் சான்றும் தரவில்லை, அதனால் நோட்டீஸ் செல்லாது என்று அங்கே சொன்னார்களாம். டெபாசிட்டைப் போல மூன்று மடங்கு வரை கேட்டு கோர்ட்டுக்குப் போகவும் வழியுண்டு என்றார்களாம். குடியிருந்த தம்பி என்னிடம் வந்து, “அக்கா, வழக்கெல்லாம் வேண்டாம். பாய்லரை மட்டும் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். இவளுக்கு அடிக்கடி தலைவலி வருகிறது” என்றார். அவர் மனைவி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்தைய மாதமே அந்தப் பெண் என்னிடம் இதைச் சொல்லியிருந்தாள். குளிருக்கு ஜன்னலைத் திறக்காமல் இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

கேஸ் வேலை செய்ய உரிமை பெற்ற, ‘கேஸ் சேஃப்’ பதிவுள்ள பொறியாளர் வந்து பார்த்தார். வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரின் புகைக்குழாய் இணைப்பு விட்டுப்போயிருந்தது. அங்கேயே கேஸை நிறுத்தி, ‘பயன்படுத்தக் கூடாது’ என்று அட்டை கட்டிவிட்டுப் போனார். அப்படி விட்டுப்போனால் வீட்டுக்குள் கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று ஃப்ளூ போலவே காட்டும். இது எனக்கு வேலையில் சொல்லிக்கொடுத்த பாடம். அப்படியிருந்தும் என் வீட்டில் குடியிருந்த பெண்ணிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேஸ் உள்ள வாடகை வீட்டில் 12 மாதத்துக்கு ஒருமுறை சோதனை செய்ய வேண்டும் என்பது 1998-இன் விதி. புதிதாக வருபவருக்குக் குடியேறும் முன்பும், ஏற்கெனவே இருப்பவருக்கு 28 நாளுக்குள்ளும் அந்தச் சான்றைத் தர வேண்டும். அந்த வாசகர் தொல்லை என்று சொல்லும் காகிதங்களில் இதுவும் ஒன்று. இதை நான் ஒழுங்காகச் செய்திருந்தால் அந்தக் குடும்பம் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த ஆபத்தோடு இருந்திருக்காது. பிறகு அவர்களாகவே வேறு வீடு பார்த்துப் போனார்கள். டெபாசிட்டோடு இன்னொரு 900 பவுண்டும் கொடுத்தேன். முதலில் மறுத்து, கடைசியில் குழந்தைக்கென்று வாங்கிக்கொண்டார்கள். குழந்தை நலமாகப் பிறந்தது.

மற்றவையும் இப்படித்தான். மின்சார வயரிங்கை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் வேண்டும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2022 அக்டோபரிலிருந்து கட்டாயம். ஊர்ப் பையன்தானே என்று குடியுரிமை, விசா விவரம் பார்க்காமல் விட்டு, அவருக்கு இங்கே வாடகைக்கு இருக்க உரிமை இல்லை என்று தெரியவந்தால், முதல் முறையே ஆளுக்கு 10,000 பவுண்டு வரை அபராதம். அதற்காகத் தமிழ்ப் பெயர் உள்ளவரிடம் மட்டும் ஆவணம் கேட்பதும் தவறு, எல்லோரிடமும் கேட்க வேண்டும். நம் மாணவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டுக்குக் கவுன்சில் உரிமம் தேவை. ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. வரவேற்பறையை அட்டையால் மறித்து இரண்டு பேரைப் படுக்க வைத்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளும் யாரோ வயிற்றைக் கட்டிப் படிக்க அனுப்பியவர்கள்தான்.

அப்புறம், புதிய வாடகைச் சட்டத்தைப் பற்றியும் அவர் பயமுறுத்தியிருந்தார். 2026 மே 1 முதல் காரணம் சொல்லாத செக்‌ஷன் 21 நோட்டீஸ் கிடையாது என்பது சரி. ஆனால் வீட்டுக்காரர் தானோ நெருங்கிய உறவினரோ குடியேற வேண்டும், அல்லது வீட்டை விற்க வேண்டும் என்றால் இப்போதும் வழியுண்டு. குடிவந்த முதல் ஆண்டுக்குள் வெளியேறச் சொல்ல முடியாது, நான்கு மாத அவகாசம் தர வேண்டும், அவ்வளவுதான். வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைதான் ஏற்றலாம், அதுவும் உரிய படிவத்தில் இரண்டு மாதம் முன்னால் சொல்லி. இதில் அநியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. டெபாசிட்டைப் பதியாதவர்தான் பயப்பட வேண்டும். அவருக்குப் பெரும்பாலான காரணங்களில் கோர்ட் வீட்டை மீட்டுத் தராது.

குடியிருப்பவர்களுக்கும் ஒன்று. உங்கள் டெபாசிட் பதியப்பட்டிருக்கிறதா என்பதை அந்த மூன்று திட்டங்களின் இணையதளங்களில் நீங்களே பார்க்கலாம். கேஸ் சான்றைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்காரர் தெரிந்தவர் என்பதற்காகக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வீடு விடும்போது என்னென்ன ஆவணம் தர வேண்டும், என்னென்ன வாங்க வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில், வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டி வைக்கும்படி தமிழில் வெளியிடுங்கள். எழுதித் தர நான் தயார். ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
நார்தாம்ப்டன்