ஆரம்பகால பங்க் ஆல்பங்களுக்கு ரேங்க் போடும் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சண்டைக்காரர்களே,

வணக்கம். ஆரம்பகால பங்க் ராக்கில் (வேகமும் முரட்டுத்தனமும் எளிமையும் கலந்த ராக் இசை) மிகச் சிறந்த, மிக அதிகத் தாக்கம் ஏற்படுத்திய ஆல்பம் எது என்று யாராவது கொளுத்திப் போட்டால் போதும், நீங்கள் அணி பிரிந்துவிடுகிறீர்கள். நியூயார்க் கட்சி ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வரும். லண்டன் கட்சிக்கு செக்ஸ் பிஸ்டல்ஸை விட்டால் வேறு தெய்வம் கிடையாது. ஸ்டூஜஸ் 1969-லேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள் என்பது டெட்ராய்ட் கட்சியின் வாதம். கடைசியாக ஒருவர் வருவார், பெரு நாட்டில் லாஸ் சைக்கோஸ் 1965-லேயே இதைத்தானே செய்தார்கள் என்பார். அப்புறம் விடிய விடிய ஓயாது.

சண்டையை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். என் புகார் ஒன்றே ஒன்று. சிறந்தது எது, தாக்கம் ஏற்படுத்தியது எது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புகிறீர்கள். சிறந்தது எது என்பதை அவரவர் காது முடிவு செய்துகொள்ளட்டும். அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். தாக்கம் என்பது நடந்த சங்கதி, அதற்குச் சாட்சி வேண்டும். இந்த ரெக்கார்ட் இன்ன வருடம் இன்னார் கைக்குப் போனது, அதைக் கேட்டுவிட்டு அவர் இன்னது செய்தார் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்த ஆல்பத்தைச் சிறந்ததாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பெருமைதான்.

டெட்ராய்டின் டெத் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாக்னி சகோதரர்கள் மூன்று பேர், கறுப்பின இளைஞர்கள், 1975-ல் ஏழு பாட்டுப் பதிவு செய்தார்கள். இன்று கேட்டாலும் தூக்கிவாரிப்போடும் வேகம். ரெக்கார்ட் கம்பெனிப் பெரும்புள்ளி க்ளைவ் டேவிஸ் குழுவின் பெயரை மாற்றச் சொன்னார், அண்ணன் டேவிட் முடியாது என்றுவிட்டார். 500 சிங்கிள் (ஒன்றிரண்டு பாட்டு உள்ள சின்ன ரெக்கார்ட்) மட்டும் சொந்தக் காசில் அடித்தார்கள். மீதி எல்லாம் பரணில் கிடந்தது. ஆல்பமாக வெளிவந்தது 2009-ல். டேவிட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. உங்களில் பலர் இந்த ஆல்பத்தை 'பங்க்கைத் தொடங்கிவைத்தது' என்று எழுதுகிறீர்கள். யாருக்குத் தொடங்கிவைத்தது? கேட்டவர்களே விரல் விட்டு எண்ணும் அளவுதானே. காலத்துக்கு முந்தியவர்கள் என்று சொல்லுங்கள், கைதட்டுகிறேன்.

இப்போது ரமோன்ஸுக்கு வருவோம். 1976 ஏப்ரல் 23 அன்று வெளியான ஆல்பம். நியூயார்க் ரேடியோ சிட்டி கட்டடத்துக்குள் இருந்த ஸ்டூடியோவில், 6,400 டாலர் செலவில் முடித்தார்கள். 14 பாட்டு, 29 நிமிடம். பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் 111-வது இடத்தைத் தாண்டவில்லை. அமெரிக்காவில் கோல்ட் சான்றிதழ் கிடைத்தது 2014-ல்! அப்படியென்றால் தாக்கம் எங்கே என்று ஒருவர் என்னை மடக்கினார். விற்பனையைப் பார்த்தால் தெரியாது ஐயா, ரெக்கார்டைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஸ்டீரியோவில் இடப் பக்கம் டீ டீயின் பேஸ் கிட்டார், வலப் பக்கம் ஜானியின் கிட்டார். நடுவில் ஜோயியின் குரல். பேலன்ஸ் குமிழை வலப் பக்கம் திருப்பினால் பேஸ் மறைந்து ஜானியின் கிட்டார் தெளிவாகக் கேட்கும். ஜானி ஸ்ட்ரிங்கை மேலிருந்து கீழாக மட்டுமே அடிப்பவர், சோலோ என்ற பேச்சே கிடையாது. வீட்டில் ஒரு மட்டமான கிட்டாரை வைத்துக்கொண்டு, மறு பக்கத்தை அணைத்துவிட்டு, கூடவே வாசித்துப் பழகலாம். ஆசிரியரே தேவையில்லை. லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி ஊழியர் இந்தக் குழுவின் ஒரு பாட்டிலிருந்து பெயரை எடுத்து 1976 ஜூலையில் 'ஸ்னிஃபின் க்ளூ' பத்திரிகையை ஜெராக்ஸ் போட்டுத் தொடங்கினார். நான் கேட்கும் சாட்சி இந்த மாதிரி.

சரி, ரமோன்ஸ் கட்சிக்காரர்கள் ரொம்பவும் காலரைத் தூக்க வேண்டாம். 1976 ஜூலை 4 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸில் அவர்கள் வாசித்த கச்சேரிதான் பிரிட்டிஷ் பங்க்கைப் பெற்றெடுத்தது என்று ஒரு கதை சொல்வீர்கள். அதே ராத்திரி ஷெஃபீல்டில் செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு முன்னால் மேடையேறி க்ளாஷ் குழுவினர் தங்கள் முதல் கச்சேரியை முடித்துவிட்டார்கள். பிள்ளை பிறந்த பிறகுதான் அப்பா ஊருக்குள்ளேயே வருகிறார்.

செக்ஸ் பிஸ்டல்ஸ் ரசிகர்களே, உங்களிடம்தான் எனக்கு வழக்கு அதிகம். 'நெவர் மைண்ட் த பாலக்ஸ்' அருமையான ஆல்பம். குழுவின் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஜோன்ஸ் கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கி, பேஸையும் பெரும்பாலும் தானே வாசித்து, தயாரிப்பாளர் க்றிஸ் தாமஸ் மெருகேற்றியது. பேஸ் வாசிப்பவராக இருந்த சிட் விஷஸ் போஸ்டரில் இருந்த அளவுக்கு ஆல்பத்தில் இல்லை. பெயரில் இருந்த ஒரு கெட்ட வார்த்தைக்காக நாட்டிங்ஹாமில் கடைக்காரர் மேல் வழக்கே போட்டார்கள், அது தள்ளுபடியானது. எல்லாம் சரி. ஆனால் அது கடைக்கு வந்தது 1977 அக்டோபர் கடைசியில். அதற்குள் டேம்ன்ட் குழுவின் முதல் ஆல்பம் வந்து எட்டு மாதம், க்ளாஷின் ஆல்பம் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. பிஸ்டல்ஸ் ஆல்பத்தின் 12 பாட்டில் நான்கு ஏற்கெனவே சிங்கிளாக வந்து ஊரைக் கலக்கியவை. அதாவது, அவர்கள் ஏற்படுத்திய தாக்கத்தில் பெரும்பங்கு ஆல்பம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

மான்செஸ்டரைப் பாருங்கள். 1976 ஜூன் 4, லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹாலில் பிஸ்டல்ஸ் கச்சேரி. டிக்கெட் 50 பென்ஸ். சில டஜன் பேர்தான் வந்திருந்தார்கள். (இன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களைக் கணக்கெடுத்தால் ஒரு கால்பந்து மைதானமே போதாது.) அந்த நாளில் பிஸ்டல்ஸுக்கு ஆல்பமும் கிடையாது, சிங்கிளும் கிடையாது. பார்த்துவிட்டுப் போன பீட்டர் ஹூக் மறுநாளே ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார், பிறகு ஜாய் டிவிஷன் குழு பிறந்தது. கச்சேரியை ஏற்பாடு செய்த ஹவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் அடுத்த மாதமே பஸ்காக்ஸ் என்ற பெயரில் அதே ஹாலில் மேடையேறினார்கள்.

பஸ்காக்ஸ் என்றதும் என் முக்கியமான கோரிக்கைக்கு வருகிறேன். உங்கள் விதிமுறையில் 'ஆல்பம் மட்டும்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அந்த ஒரு வரியால் அவர்களின் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' வெளியே நிற்கிறது. நான்கே பாட்டு உள்ள ஏழு அங்குல ரெக்கார்ட். 1976 டிசம்பர் 28-ல் ஒரே நாளில் பதிவு. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். ஷெல்லியின் அப்பாவிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கி, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிள் (ரெக்கார்ட் வெளியிடும் கம்பெனி) வைத்து, 1977 ஜனவரியில் 1,000 பிரதி போட்டார்கள். கடைசியில் விற்றது 16,000.

அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? முன்பக்கம் ஒரு போலராய்டு படம், நான்கு பேர் அப்பாவியாக நிற்கிறார்கள். பின்பக்கம் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் அது எத்தனையாவது டேக் (எத்தனையாவது முறை வாசித்துப் பதிவானது), மேலே எதையாவது சேர்த்தார்களா என்று அச்சடித்திருக்கிறார்கள். 'பிரேக்டவுன்' மூன்றாவது டேக், மேற்சேர்க்கை ஏதுமில்லை. இசைத் தொழில் மூடி மறைத்து வைத்திருந்த சமையல் குறிப்பை அட்டையிலேயே போட்டுவிட்டார்கள். ரெக்கார்டு போடுவது பெரிய கம்பெனிக்காரன் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறைப் பையன்கள் அதைப் படித்தார்கள். 'போர்டம்' பாட்டில் ஷெல்லியின் கிட்டார் சோலோ வருகிறதே, இரண்டே சுரம், திரும்பத் திரும்ப, அதைக் கேட்டால் சிரிப்பும் வரும், நம்மாலும் முடியும் என்ற தெம்பும் வரும். பிரிட்டனில் சொந்தமாக லேபிள் வைத்து ரெக்கார்டு போடும் பழக்கம் அலை அலையாகக் கிளம்பியதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவை மறந்துவிடுகிறீர்கள் என்பது கிளைப்புகார். பிரிஸ்பேனில் த செயின்ட்ஸ் தங்கள் முதல் சிங்கிளை 1976 செப்டம்பரில் 500 பிரதி அடித்தார்கள். பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிள் என்று எல்லோரும் சொல்லும் டேம்ன்டின் 'நியூ ரோஸ்' வந்தது அக்டோபர் 22. லண்டனுக்குத் தபாலில் போன ஒரு பிரதியை 'சவுண்ட்ஸ்' பத்திரிகை தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அப்புறம்தான் லண்டன் இஎம்ஐ ரெக்கார்ட் கம்பெனி சிட்னி கிளைக்குச் சொல்லி அவர்களைப் பிடித்துப் போட்டது. உலகத்தின் ஒரு மூலையில், எந்தக் கட்சியிலும் சேராமல், தானாகவே அதே சத்தத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். இவர்களை எந்த அணியில் போடுவது என்று தெரியாததால் விட்டுவிடுகிறீர்கள் என்பது என் ஊகம்.

முன்னோர்கள் விஷயத்தில் எனக்கும் டெட்ராய்ட் கட்சிக்கும் சண்டையே இல்லை. ஸ்டூஜஸுக்குச் சாட்சி கொட்டிக் கிடக்கிறது. டேம்ன்ட் தங்கள் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக ஸ்டூஜஸின் 'ஃபன் ஹவுஸ்' ஆல்பத்திலிருந்து ஒன்றை எடுத்து வாசித்தார்கள், பிஸ்டல்ஸ் ஸ்டூஜஸின் 'நோ ஃபன்'-ஐ ஒரு சிங்கிளின் மறுபக்கத்தில் போட்டார்கள். நியூயார்க் டால்ஸ் குழுவுக்கோ இன்னும் ருசிகரமான ஆதாரம் உண்டு. அவர்களைக் கொஞ்ச நாள் மேய்த்த, பிஸ்டல்ஸின் மேனேஜர் மால்கம் மெக்லாரன் 1975-ல் லண்டனுக்குத் திரும்பும்போது டால்ஸ் கிட்டாரிஸ்ட் சில்வெய்ன் சில்வெய்னின் வெள்ளை லெஸ் பால் கிட்டாரையும் கொண்டுவந்தார். அது ஸ்டீவ் ஜோன்ஸ் கைக்குப் போனது. பிஸ்டல்ஸ் கச்சேரிப் படங்களில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். தாக்கம் பெட்டியில் வைத்து விமானம் ஏறி வந்திருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?

க்ளாஷின் முதல் ஆல்பம் எந்த வருடத்தது என்று கேட்டால் 1977 என்பீர்கள். பிரிட்டனுக்குச் சரி. அமெரிக்காவில் ரேடியோவுக்கு ஒத்துவராது என்று கம்பெனி அதை ஒதுக்கிவிட்டு, 1979 ஜூலையில்தான், அதுவும் சில பாட்டுகளை மாற்றிப்போட்டு வெளியிட்டது. நடுவில் இறக்குமதிப் பிரதிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் போனதாகச் சொல்வார்கள். கூடுதல் காசு கொடுத்துத் தேடி வாங்கியவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே, தேதி சொல்லும்போது எந்த நாட்டுத் தேதி என்றும் சொல்லுங்கள். ஜூனியர் மர்வினின் ரெகே (ஜமைக்கா இசை) பாட்டு ஒன்றை அந்த ஆல்பத்தில் ஆறு நிமிடத்துக்கு நீட்டி வாசித்தார்களே, அங்கே திறந்த கதவு வழியாகத்தான் பின்னாளில் க்ளாஷின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டு வந்தது. 2007-ல் மாயா அருள்பிரகாசம் என்கிற நம் எம்.ஐ.ஏ. 'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டுக்கு அதன் இசையை எடுத்துக்கொண்டார். ஈழத்திலிருந்து லண்டன் போன ஒரு தமிழ்ப் பெண் உலகமெங்கும் ஒலிக்கவைத்த பாட்டின் அடியில் க்ளாஷ் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை நீங்கள் யாரும் பேசுவதில்லை.

பெண்கள் பற்றிய பகுதியில் உங்கள் பட்டியல்கள் பரிதாபம். பாடகி பாட்டி (Patti) ஸ்மித்தின் 'ஹார்சஸ்' (1975) ஒன்றைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறீர்கள். பாலி ஸ்டைரீன் எங்கே? 1976 ஜூலை 3, தன் 19-வது பிறந்தநாளன்று, ஹேஸ்டிங்ஸ் துறைமேடையில் பிஸ்டல்ஸைப் பார்த்துவிட்டு, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்து எக்ஸ்-ரே ஸ்பெக்ஸைத் தொடங்கியவர். சோமாலியத் தந்தைக்கும் வெள்ளைக்காரத் தாய்க்கும் பிறந்தவர், பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டே மேடையில் நின்றவர். 1978-ல் வந்த 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ்' ஆல்பத்தில் மற்றவர்கள் ராணியையும் வேலையில்லாத் திண்டாட்டத்தையும் பாடிக்கொண்டிருக்கும்போது இவர் பிளாஸ்டிக்கையும் சூப்பர் மார்க்கெட்டையும் விளம்பரத்தையும் பாடினார். கிட்டாரோடு ஒரு சாக்ஸஃபோன் முட்டி மோதும். கேட்டால் நேற்று எழுதியது போல இருக்கும்.

இதிலும் உங்கள் விதி குறுக்கே வருகிறது. 1990-களின் ரயட் கேர்ல் என்ற பெண்ணிய பங்க் இயக்கத்துப் பெண்கள் பிடித்துக்கொண்ட பாலியின் பாட்டு 'ஓ பாண்டேஜ், அப் யுவர்ஸ்!'. அது 1977-ல் சிங்கிளாக வந்தது, அன்று வெளிவந்த ஆல்பத்தில் சேர்க்கப்படவே இல்லை. ஆல்பம் மட்டும் என்று நீங்கள் அடம்பிடித்தால் அவர் ஏற்படுத்திய மிகப் பெரிய தாக்கம் கணக்கில் வராது.

வயர் குழுவின் 'பிங்க் ஃப்ளாக்', டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்' பற்றியெல்லாம் நான் இங்கே எழுதவில்லை. இவை எப்படியும் உங்கள் பட்டியலில் இருக்கும், என் சிபாரிசு தேவையில்லை. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். கிட்டாரில் வாசிக்கும் மூன்று கார்டு (chord, சுரக்கூட்டு) படம் போட்டு, இனி ஒரு குழுவைத் தொடங்கு என்று சொல்லும் அந்தப் பிரபலமான பக்கத்தை எல்லோரும் 'ஸ்னிஃபின் க்ளூ' கணக்கில் எழுதுகிறீர்கள். அது வந்தது 'சைட்பர்ன்ஸ்' என்ற வேறொரு பத்திரிகையில்.

என் ஓட்டையும் பதிவு செய்துவிடுகிறேன், ஒளிந்துகொண்டு எழுதுவதாகச் சொல்லக் கூடாது. சிறந்தது: 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ்'. தாக்கம்: ரமோன்ஸின் முதல் ஆல்பம், 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' இரண்டுக்கும் சரிபாதி. முதலாவதை மாற்ற உங்களால் முடியாது. இரண்டாவதை மாற்றலாம். ஆனால் யார், எப்போது, எந்தக் கடையில் வாங்கிக் கேட்டு, பிறகு என்ன செய்தார் என்ற விவரத்தோடு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்