வானத்துக்கு டெல்டாவைப் பிடிக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழ் விண்கல் கட்டுரையில் 'காவிரி டெல்டா போன்ற பசுமையான பகுதிகளில் விண்கற்கள் அதிகம் விழுவதில்லை' என்று ஒரு வரி. கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தால் பேசாமல் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். விழுவதும் கிடைப்பதும் ஒன்றா சார்? உங்களுக்குத் தெரியாததா?

1969இல் ஜப்பான்காரர்கள் அண்டார்டிகாவின் யமாட்டோ மலைப் பக்கம் ஒன்பது விண்கற்களைப் பொறுக்கினார்கள். ஒரே கல்லின் சிதறல்கூட இல்லை, வேறு வேறு வகை. அங்கே மட்டும் வானம் கூடுதலாகக் கொட்டியது என்றா அர்த்தம்? எங்கெங்கோ விழுந்த கல்லைப் பனிக்கட்டி சுமந்துகொண்டு மெல்ல நகர்கிறது, மலை மறிக்கிறது, மேல்பனியைக் காற்று சுரண்டச் சுரண்டக் கல் வெளியே வந்துவிடுகிறது. சஹாரா, ஓமன் பக்கம் மழை குறைவு, துருப்பிடிக்க நாளாகும், வெளிர்த் தரையில் கறுப்பாகக் கண்ணில் படும். அவ்வளவுதான்.

எங்கள் ஊரில்? பெரும்பாலான விண்கல்லில் இரும்பு உண்டு. வரப்பில் மறந்துவிட்ட அரிவாளை அடைமழைக் காலம் முடிந்து எடுத்தேன், பிடிதான் கையோடு வந்தது, அலகு செதில் செதிலாக உதிர்ந்தது. சேற்றில் போன கல் என்ன ஆகும்? போர் போட்டபோது அறுபது அடி வரை மணலும் களியும்தான், ஒரு கூழாங்கல் வரவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. கல்லே இல்லாத மண்ணில் ஒரு கல் கிடந்தால் பளிச்சென்று தெரியவேண்டும், நியாயமாகப் பார்த்தால் நாங்கள்தான் அள்ளியிருக்கவேண்டும். ஆறு விட்டால்தானே, வண்டலைப் போட்டு மூடிவிட்டது. (1934இல் மேட்டூர் அணை வந்தபிறகு அந்த வண்டலும் குறைந்தது, அது வேறு வயிற்றெரிச்சல்.)

இத்தோடு முடிக்கலாம்தான். ஆனால் போன வருடம் 'கடைமடை வரை தண்ணீர்' என்று படம் போட்டீர்களே, அன்று எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கடிதம் எழுதினேன், போடவில்லை. 2016இல் வேலூர்ப் பக்கத்துக் கல்லூரியில் நடந்த வெடிப்பை விண்கல் என்று தலைப்புப் போட்டீர்கள், நாசா சந்தேகம் சொன்னபோது மூச்சு விடவில்லை. அந்தச் செய்தியை நம்பித்தான் வாய்க்கால் தூர்வாரும்போது அகப்பட்ட கறுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு நானும் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். காந்தம்கூட ஒட்டியது. இரும்புக் கிட்டம், பட்டறைக் கழிவு என்று சொல்லிச் சிரித்தார்கள். பரவாயில்லை, அவர்களாவது பதில் சொன்னார்கள்.

நான் கேட்பது ஒரே வரித் திருத்தம்: 'விழுவதில்லை' அல்ல, 'கிடைப்பதில்லை'. மூலையில் பொடி எழுத்தில் போட்டாலும் சரி, என்னிடம் கண்ணாடி இருக்கிறது.

திருத்துறைப்பூண்டி வட்டத்திலிருந்து
ஒரு விவசாயி