ரேவதி கிளம்புவதற்கு முன்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள தனம்,

ரேவதிக்கு விசா வந்துவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. நம் குடியாத்தத்துத் தெருவில் பாவாடை கட்டிக்கொண்டு ஓடின குழந்தை, ஜெர்மனியில் நான் வேலை பார்த்த அதே டோர்ட்முண்டு நகரத்துக்கு நர்ஸாகப் போகிறாள். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! போனில் பேச ஆரம்பித்தால் நீ பாதியிலேயே அழுதுவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அவளிடமும் கொடு.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. இவர் காலையில் கோட்டை வரை நடந்துவிட்டு வருகிறார். கொசப்பேட்டை சரோஜா மகளுக்கு ஆரணியில் வரன் பார்த்திருக்கிறார்கள், உனக்கும் பத்திரிகை வரும். காட்பாடிக்குப் போகும்போதெல்லாம் பாலாற்றுப் பாலத்தில் தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊறுகாய், பருப்புப்பொடி என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறாய். அதில் முதலில் ஆற்காடு மக்கன் பேடாவை அடித்துவிடு. நெய் பாட்டிலையும் எடு. பால் சேர்ந்தது, இறைச்சி சேர்ந்தது எதையும் ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்கு வெளியிலிருந்து பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. விமான நிலையத்தில் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், அபராதமும் விழலாம். பச்சைக் கறிவேப்பிலையும் நம் முள்ளு கத்திரிக்காயும்கூடத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போகாது. பொடி வகைகள், புளி, எண்ணெயில் போட்ட ஊறுகாய், காய்ந்த மிளகாய் தாராளமாகப் போகும். குக்கர் வாங்கினால் அடிப்பாகம் இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்றதா என்று கடையில் கேட்டு வாங்கு. மின்சாரம் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான், சின்ன மிக்ஸி ஒரு அடாப்டரில் ஓடிவிடும்.

ஆனால் தனம், அந்தப் பெட்டியில் பொடியை விட முக்கியம் ஃபைல். அந்த நாட்டில் ஒருவர் காலூன்றுவது விலாசத்தில்தான் ஆரம்பிக்கிறது. வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டும், சட்டம் அது. ஆன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட்டோடு, “இவர் இந்த வீட்டில் குடிவந்திருக்கிறார்” என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் அதற்கு ஈடாகாது. அலுவலகத்தில் நேரம் கிடைக்கச் சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். அதனால் போய்ச் சேர்வதற்கு முன்பே இணையத்தில் நேரம் கேட்டு வைக்கட்டும். தள்ளிப்போன தேதி கிடைத்தாலும், முன்கூட்டியே கேட்டதற்கான ஆதாரம் கையில் இருக்கட்டும்.

அந்தப் பதிவுச் சீட்டு கைக்கு வந்தால்தான் மற்ற காரியங்கள் நகரும். 11 இலக்க வரி எண் தபாலில் வரும். வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் அட்டை, விசாவை மாற்றித் தரும் குடியிருப்பு அட்டை என்று எங்கே போனாலும் அந்த விலாசத்தைத்தான் கேட்பார்கள். வரி எண் வருவதற்குள் முதல் சம்பளம் போட்டுவிட்டால் அதிகமாக வரி பிடித்திருப்பார்கள். பயப்பட வேண்டாம், எண் கொடுத்ததும் சரி செய்து கொடுத்துவிடுவார்கள்.

முதலில் ஆஸ்பத்திரி விடுதியில் அறை தருவார்கள் என்றாய், நல்லது. பின்னால் வெளியே வீடு பார்க்கும்போது, “தங்கிக்கொள், ஆனால் இந்த விலாசத்தில் பதிவு செய்யாதே” என்று யாராவது சொன்னால் அந்த வீடு வேண்டவே வேண்டாம். சாவியைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பவும் கூடாது. இணையத்தில் அழகழகாகப் படம் போட்டுப் பணத்தைச் சுருட்டுகிறவர்கள் நிறைய. முன்பணம் அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்க முடியாது, அதையும் மூன்று தவணையாகக் கட்ட உரிமை உண்டு. விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருப்பார்கள். சூடேற்றும் செலவு சேர்ந்த பெரிய தொகையைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். மின்சாரக் கட்டணம் பெரும்பாலும் அதற்கும் மேலே தனி.

கீழே இருக்கும் தபால் பெட்டியில் பெயர் ஒட்டுவதை மறக்கவே கூடாது. அங்கே ஃப்ளாட்டுக்கு எண் கிடையாது, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். எங்கள் கட்டிடத்தில் வாணியம்பாடிப் பையன் ஒருவன் இருந்தான், தோல் வேலை படித்துவிட்டு வந்தவன். பழைய ஆள் பெயரே பெட்டியில் இருந்ததால் அவன் கடிதமெல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வங்கி அட்டை, இன்சூரன்ஸ் கடிதம், கடைசியில் அபராதக் கடிதம் வரைக்கும். பிள்ளை எவ்வளவு தவித்துப்போனான்! ஒரு சின்னத் தாளில் பெயர் எழுதி ஒட்டினதும் எல்லாம் சரியாகிவிட்டது.

பெயர் என்றதும் இன்னொன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அண்ணன் பெயரைத்தானே போட்டிருக்கிறீர்கள்? அப்படியென்றால் அங்கே அவளை எல்லாரும் ஃப்ராவ் கோவிந்தசாமி, அதாவது கோவிந்தசாமி மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியில் ஒட்ட வேண்டியதும் அந்தப் பெயர்தான். நம் பக்கத்தில் பலருக்கு அந்த இடம் காலியாக இருந்து ஒவ்வொரு அலுவலகத்திலும் இழுபறியாகிறது. விசா வந்துவிட்டதால் பாஸ்போர்ட்டில் குறையிருக்காது. ஆனால் நர்ஸிங் சான்றிதழில் ஜி. ரேவதி என்று இனிஷியலோடுதான் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று ஆங்கிலத்தில் வாங்கி ஃபைலில் வை.

இனி வேலை. இதைத்தான் அவளிடம் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். முகம் கழுவி விடுவது, கஞ்சி ஊட்டுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஆயாம்மா இருக்கிறார். நர்ஸுக்கு ஊசி, மருந்து, டிரிப், டாக்டர் ரவுண்ட்ஸ். அங்கே சொந்தக்காரர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். குளிப்பாட்டுவது, பல் துலக்கி விடுவது, டயப்பர் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாமே நர்ஸ் வேலை. பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்துவிட்டு இதற்கா வந்தோம் என்று நம் பெண்கள் முதல் வாரம் அறையில் உட்கார்ந்து அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் முன்பே சொல்லாததுதான் காரணம். ரேவதிக்கு நாம் சொல்லிவிடலாம். அந்தக் காலை நேரத்துக் குளியலில்தான் நோயாளியின் தோல் எங்கே சிவந்திருக்கிறது, கால் வீங்கியிருக்கிறதா, நேற்றை விட இன்று பேச்சு குழறுகிறதா என்பதெல்லாம் தெரியும். அதைக் கண்டுபிடித்துச் சொல்கிற நர்ஸை அந்த வார்டு தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும்.

அவள் படிப்பை அந்த மாநிலம் முழுமையாக அங்கீகரிக்கும் வரை உதவியாளராகத்தான் வைத்திருப்பார்கள், சம்பளமும் அதற்கேற்பக் குறைவு. ஒரு தேர்வோ பயிற்சிக் காலமோ முடித்த பிறகுதான் முழு நர்ஸ். வேலை ஒப்பந்தத்தில் ஒரு பகுதியைத் தேடிப் படிக்கச் சொல்: குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் மொழிப் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று போட்டிருக்கிறதா, எவ்வளவு என்று. ஏஜென்ட் இன்னும் பணம் கேட்டால் கொடுக்காதே, முதலில் எனக்குப் போன் பண்ணு.

மொழித் தேர்வில் பாஸாகிவிட்டாள் என்று நிம்மதியாக இருக்காதே. வகுப்பில் படித்த ஜெர்மன் வேறு, பல்செட்டைக் கழற்றிவிட்டுப் பேசுகிற எண்பது வயதுப் பாட்டியின் ஜெர்மன் வேறு. புரியாவிட்டால் தலையாட்டவே கூடாது. நம் பெண்களுக்கு மரியாதைக்காகத் தலையாட்டுகிற பழக்கம் உண்டு. மருந்து அளவு காதில் சரியாக விழாமல் தலையாட்டினால் அது ஓர் உயிர். “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பதை அங்கே யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பிடிக்காது. அந்த ஊர்க்காரர்கள் தானாக வந்து விசாரிக்க மாட்டார்கள் தனம், ஆனால் கேட்டால் வேலையை விட்டுவிட்டு வந்து சொல்லித் தருவார்கள். இதை ஆயிரம் தடவை அவளிடம் சொல்.

நிறத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். நோயாளியோ கூட வேலை செய்பவரோ அப்படிப் பேசினால் விழுங்கிக்கொள்ளாமல், தேதி போட்டு எழுதி வைத்து வார்டு தலைவியிடம் அன்றைக்கே சொல்லட்டும்.

உடம்புக்கு முடியாவிட்டால் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்பே போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் போனால் டாக்டர் சான்று கட்டாயம், முதல் நாளிலேயே கேட்கிற ஆஸ்பத்திரியும் உண்டு. நம் ஊரில் மாதிரி விடியற்காலையில் போய் டோக்கன் போட்டு உட்கார்ந்தால் நடக்காது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்ப டாக்டரிடம் நன்றாக இருக்கும்போதே பெயர் பதிந்து வைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112, போலீசுக்கு 110. ராத்திரியில் காய்ச்சல் அதிகம், ஆனால் ஆம்புலன்ஸ் அளவுக்கு இல்லை என்றால் 116117. மூன்றையும் போனில் போட்டுக்கொடு. இங்கே மெடிக்கலில் கேட்டவுடன் கிடைக்கிற ஆன்டிபயாடிக் அங்கே சீட்டு இல்லாமல் கிடைக்காது.

நீ சிரிப்பாய், ஆனால் ஜன்னலைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். அங்கே ஒரே கைப்பிடியில் ஜன்னல் இரண்டு விதமாகத் திறக்கும். கைப்பிடி கீழே இருந்தால் மூடியிருக்கிறது, பக்கவாட்டில் திருப்பினால் கதவு மாதிரி முழுக்கத் திறக்கும், மேலே திருப்பினால் மேல்பக்கம் மட்டும் சாய்ந்து நிற்கும். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்கள் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டு, உள்ளே இட்லி அவித்து, ஈரத்துணியையும் காயப்போடுவார்கள். அந்த ஆவி போக வழியில்லாமல் அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். நெஞ்சுக்கும் கேடு, வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்திலும் கை வைப்பார்கள். தினமும் இரண்டு மூன்று தடவை, ஐந்து பத்து நிமிஷம், ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு மூடிவிட வேண்டும், பனி கொட்டினாலும். அந்த நேரம் மட்டும் ஹீட்டரைக் குறைத்து வைத்தால் போதும்.

மற்றதெல்லாம் போனால் தானே பழகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கி வைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் ஆகாது. குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், சூப்பர் மார்க்கெட் மெஷினில் திருப்பிப் போட்டால் சீட்டு வரும், எறிந்துவிடாதே என்று சொல். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று கட்டித்தான் ஆக வேண்டும், கூடத் தங்குகிறவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே மாத டிக்கெட் உண்டு. 2023-ல் 49 யூரோவில் ஆரம்பித்து 2025-ல் 58 ஆனது. ஆஸ்பத்திரியில் சலுகை விலையில் தருகிறார்களா என்று கேட்கட்டும்.

குடிபோன முதல் வாரம் பக்கத்து வீட்டு மணியை அடித்துத் தன் பெயரைச் சொல்லிவிட்டு வரட்டும். மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல்லட்டும். பார்சல் வந்தால் வாங்கி வைப்பது முதல், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டால் உட்கார வைத்துக் காபி கொடுப்பது வரை அவர்கள்தான். நம் மனிதர்கள் வேண்டுமென்றால் ஹாம் ஊரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-ல் கும்பாபிஷேகம் ஆன பெரிய ராஜகோபுரக் கோயில். டோர்ட்முண்டிலிருந்து ரயிலில் பக்கம்தான். ஈழத்துத் தமிழர்கள் கட்டியது. அவர்கள் கடைகளில் கறிவேப்பிலை முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கும். போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து அந்த மண்ணில் எழுந்து நின்றவர்கள். புதிதாக வருகிற பிள்ளைக்கு அவர்களைப் போல வழி சொல்ல யாராலும் முடியாது.

கடைசியாக உனக்கு. கோடையில் அவர்கள் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை. இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிற பெண்ணை மத்தியானம் சாப்பிட்டாயா என்று எழுப்பாதே. அவளுடைய டியூட்டி பட்டியலை வாங்கி அடுப்படியில் ஒட்டிக்கொள். டிசம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும், குரல் கம்மியாக இருக்கும், ஒன்றுமில்லாததற்கு அழுவாள். “திரும்பி வந்துவிடு” என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதே. பகலில் வெளியே நடந்தாளா, கூட வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து பேசினாளா என்று கேள். இரண்டு மூன்று வாரமாகியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் போகச் சொல், எனக்கும் சொல், நான் அங்கே இருக்கிற என் தோழியை அவள் வீட்டுக்கே அனுப்புகிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறி வருகிறேன். வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட், சான்றிதழ், மொழித் தேர்வுத் தாள், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரிஜினலோடு எடுத்து வை, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் போட்டு வை. ஒப்பந்தத்தை நானும் ரேவதியும் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறோம். அண்ணனையும் அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல், அஃபிடவிட்டில் அவர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்க வேண்டும்.

உன்,
மல்லிகா