வைட் ரிசீவர் பாதுகாப்பான இடமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கை முன்னிட்டு, அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சிக்கலான விதிகளை இவ்வளவு தெளிவாக விளக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் வைட் ரிசீவர் என்ற ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லும்போது, முன்வரிசை மோதலில் சிக்காமல் ஓரமாக ஓடிப் பந்தைப் பிடிப்பவர் என்றும், அந்த ஆட்டத்திலேயே புகழ் மிகுந்து அடி குறைந்த இடம் அதுதான் என்றும் எழுதப்பட்டிருந்தது. புகழைப் பற்றிச் சொன்னது உண்மை. அடியைப் பற்றிச் சொன்னதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நான் கொலராடோவில் வசிப்பவன். டென்வர் பிராங்கோஸ் அணியின் ரிசீவராக இருந்த டிமேரியஸ் தாமஸ் ஆடியதைப் பல ஆண்டுகள் பார்த்தவன். அவருடைய வாழ்க்கையைக் கொண்டே என் மறுப்பை எழுதுகிறேன்.

தாமஸ் 1987 டிசம்பர் 25 அன்று பிறந்து, ஜார்ஜியா மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர். அவருக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, கொக்கெய்ன் வழக்கு ஒன்றில் தாயும் பாட்டியும் கைதானார்கள். தாய்க்கு 20 ஆண்டுச் சிறை. பாட்டிக்கு ஆயுள் தண்டனை. வீட்டுக்குள் வந்த காவலர்களிடம், பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்று தாய் கேட்டுக்கொண்டு, அவர்களைக் கடைசியாக ஒருமுறை பேருந்து வரை கொண்டுபோய் விட்டார். அதன் பிறகு அந்தப் பையன் உறவினர் வீட்டில், தேவாலயப் போதகர் ஒருவரின் கண்டிப்பில் வளர்ந்தான்.

அவர் படித்த ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் அணி, பந்தை எறிவதைவிடக் கையில் ஏந்தி ஓடுவதையே நம்பிய அணி. அப்படிப்பட்ட அணியில் ரிசீவருக்குப் பந்து வருவது குறைவு. பந்தோடு ஓடும் சக ஆட்டக்காரருக்காக எதிராளியின் மேல் மோதி, அவரை மறித்து நிற்பதுதான் ரிசீவரின் அன்றாட வேலை. 2009-இல் தாமஸ் பிடித்த 46 பந்துகளும் அவற்றால் கிடைத்த 1,154 கெஜமும் ஏட்டில் உள்ளன. அந்தப் பருவத்தில் எத்தனை முறை அவர் மறித்து நின்று மோதினார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. புள்ளிவிவரத்தைப் பார்த்து ரிசீவரின் ஆட்டத்தை மதிப்பிடுபவர்கள் தவறவிடும் முதல் இடம் இது.

2010-இல் தேசிய ஃபுட்பால் லீகின் ஆட்டக்காரர் தேர்வில், முதல் சுற்றில் 22-ஆவது ஆளாக டென்வர் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2012 ஜனவரி 8 அன்று பிட்ஸ்பர்க் அணிக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டம் 23-23 என்று சமநிலையில் முடிந்து, கூடுதல் நேரத்துக்குப் போனது. தன் எல்லையிலிருந்து 20 கெஜத்தில் டென்வர் தொடங்கிய முதல் நகர்விலேயே, குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறியும் ஆட்டக்காரரான டிம் டீபோ எறிந்த பந்தை, மைதானத்தின் நடுவே குறுக்காக ஓடிவந்த தாமஸ் வேகம் குறையாமல் பிடித்தார். துரத்தி வந்தவரை ஒரு கையால் தள்ளி விலக்கினார். எஞ்சிய தூரத்தையும் ஓடி முடித்தார். 80 கெஜம், 11 வினாடி, ஆட்டம் முடிந்தது. லீகின் வரலாற்றில் அதைவிடச் சீக்கிரம் முடிந்த கூடுதல் நேரம் அதுவரை இல்லை. அந்த ஓட்டத்தை இன்றும் மக்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். அது அழகான ஓட்டம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அவருடைய தாயும் பாட்டியும் அந்த ஆண்டுகளில் அவருடைய ஆட்டங்களைச் சிறைச்சாலைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள்.

அடுத்து பேட்டன் மேனிங் டென்வருக்குக் குவார்ட்டர்பேக்காக வந்தார். 2012 முதல் 2014 வரையிலான மூன்று பருவங்களில் தாமஸ் முறையே 1,434, 1,430, 1,619 கெஜம் எடுத்தார். இந்த எண்களுக்குப் பின்னால் இருந்த ஒரு நகர்வைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் மையம் அதுதான். ஸ்கிரீன் பாஸ் என்று அதற்குப் பெயர். பந்து நெடுந்தொலைவுக்கு எறியப்படுவதில்லை. ஓரத்தில் நிற்கும் ரிசீவர் ஓரடி பின்வாங்கித் திரும்ப, பந்து உடனே அவர் கைக்கு வருகிறது. அவருக்கு முன்னால் சக ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வழி அமைக்க முயல்கிறார்கள். எதிரணியினரோ அத்தனை பேரும் அவரை நோக்கியே ஓடிவருகிறார்கள். ஆறடி மூன்று அங்குல உயரமும் நூறு கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட தாமஸ், அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியேறுவதில் வல்லவர். டென்வர் அவருக்காகவே அந்த நகர்வைத் திரும்பத் திரும்ப ஆடியது. பந்தைப் பிடிக்கும் கணத்தில் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் ரிசீவரின் தலையிலோ கழுத்திலோ மோதுவதை விதிகள் தடுக்கின்றன. ஆனால் பந்தைப் பிடித்துத் திரும்பி ஓடத் தொடங்கியவுடன் அந்தச் சிறப்புப் பாதுகாப்பு விலகிவிடுகிறது. தாமஸ் தம் திறமையைக் காட்டியது முழுவதும் அதன் பிறகு வரும் வினாடிகளில்தான்.

முன்வரிசை ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு நகர்விலும் மோதுகிறார்கள் என்பது சரியே. ஆனால் அவர்கள் மோதுவது கைக்கெட்டும் தொலைவிலிருந்து. ரிசீவர் அதைவிடக் குறைந்த தடவைதான் அடிபடுகிறார் என்றாலும், அடிக்கிறவரும் அடிபடுகிறவரும் முழு வேகத்தில் எதிரெதிராக ஓடிவந்து மோதுகிறார்கள். 1978 ஆகஸ்டில் ஓக்லாந்தில் நடந்த ஒரு பயிற்சிப் போட்டியில் நியூ இங்கிலாந்து அணியின் ரிசீவர் டாரில் ஸ்டிங்லி, எட்டாத பந்துக்குக் கை நீட்டிய நிலையில் இப்படித்தான் மோதப்பட்டு, 2007-இல் இறக்கும்வரை கழுத்துக்குக் கீழே செயலிழந்தவராக வாழ்ந்தார். அன்றைய விதிப்படி அந்த மோதலுக்குத் தண்டனை எதுவும் வழங்கப்படவில்லை. இந்த ஆபத்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக எல்லோர் கண்முன்னும் இருந்தது என்பதற்காகவே அதைக் குறிப்பிடுகிறேன்.

2015 ஜூலையில் அதிபர் ஒபாமா, தாமஸின் தாயின் தண்டனையைக் குறைத்தார். 2016 ஜனவரியில் பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக நடந்த பிளே-ஆஃப் ஆட்டத்தில்தான் அந்தத் தாய் முதன்முறையாக மகன் ஆடுவதை நேரில் பார்த்தார். அடுத்த மாதம் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை டென்வர் வென்றது. வெற்றி பெற்ற அணி வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டபோது, பாட்டியையும் விடுவிக்கக் கோரும் கடிதத்தை தாமஸ் அதிபரிடமே கொடுத்தார்; ஆகஸ்டில் பாட்டியின் தண்டனையும் குறைக்கப்பட்டது. அதே 2016 மார்ச்சில், இந்த ஆட்டத்துக்கும் சி.டி.இ. எனப்படும் மூளைச் சிதைவு நோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை லீகின் மூத்த அதிகாரி ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னிலையில் முதன்முறையாக ஒப்புக்கொண்டார். பென்னட் ஒமாலு என்ற மருத்துவர், இறந்துபோன முன்னாள் ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் அந்நோயைக் கண்டறிந்து வெளியிட்டது 2005-இல். ஒப்புதல் வருவதற்கு மேலும் பதினோரு ஆண்டுகள் ஆயின. தாமஸின் சிறந்த ஆண்டுகள் அத்தனையும் அந்த இடைவெளியில்தான் ஆடப்பட்டன.

ஹூஸ்டன், நியூயார்க் என்று இறுதிப் பருவங்கள் கழிந்தன. 2019 பிப்ரவரியில் டென்வரில் ஒரு கார் விபத்து. 2021 ஜூனில் ஓய்வை அறிவித்தபோது, நலமாகவும் மகிழ்ச்சியாகவும் விடைபெறுவதாகச் சொன்னார். 724 பந்துகள், 9,763 கெஜம், பந்தோடு எதிரணியின் எல்லையைத் தொட்ட 63 டச்டவுன் என்று ஏடு மூடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று, ஜார்ஜியாவில் தம் வீட்டில் இறந்து கிடந்தார். 34 வயது நிறைய இரண்டு வாரங்களும் சில நாள்களுமே இருந்தன.

மூன்று நாள் கழித்து டெட்ராய்ட் அணியுடன் டென்வர் ஆடிய ஆட்டத்தில், முதல் நகர்வுக்குப் பதினோரு பேருக்குப் பதிலாகப் பத்துப் பேரே களத்தில் நின்றார்கள். ரிசீவரின் இடம் காலியாக விடப்பட்டது. நேரம் கடந்ததால் நடுவர் விதிப்படி கொடி வீசினார். அந்தத் தண்டனை தங்களுக்கு வேண்டாம் என்று டெட்ராய்ட் மறுத்துவிட்டது. எதிரணி காட்டிய அந்தப் பண்பை நான் மறக்க மாட்டேன்.

2022 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவருடைய மூளையில் சி.டி.இ. இரண்டாம் நிலையில் இருந்ததாக அறிவித்தார்கள். இங்கே மிகைப்படுத்தாமல் எழுத வேண்டும். அந்நோயே அவர் உயிரைப் பறித்தது என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அவருக்கு வலிப்பும் இருந்தது, அதற்குக் கார் விபத்தும் காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. ஆனால் இறுதிக் காலத்தில் அவர் மறதிக்கும் காரணமற்ற அச்சத்துக்கும் ஆளாகி ஒதுங்கிப் போனதைக் குடும்பத்தினர் பார்த்திருக்கிறார்கள். சான் டியேகோ, டாம்பா பே அணிகளின் ரிசீவராக இருந்து, அதே 2021 பிப்ரவரியில் 38 வயதில் இறந்த வின்சென்ட் ஜாக்சனுக்கும் அதே இரண்டாம் நிலை நோய்தான் கண்டறியப்பட்டது. சின்சினாட்டியின் ரிசீவர் கிறிஸ் ஹென்றி 2009-இல் 26 வயதில் இறந்தபோது, மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக அவருடைய ஆட்டக் குறிப்பில் எதுவும் இல்லை. ஆனால் மூளையில் நோய் இருந்தது. மயங்கி விழச் செய்யும் பெரிய அடிதான் ஆபத்து என்ற எண்ணம் தவறு. வெளியே தெரியாத சிறு அடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதே இந்நோய்க்கு முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கட்டிப்பிடித்து வீழ்த்தும் ஆட்டத்தைக் கூடுதலாக ஆடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுவதாக, பாஸ்டன் ஆய்வாளர்களின் 2019 ஆய்வு காட்டியது.

அவர்கள் ஆராய்ந்த முன்னாள் லீக் ஆட்டக்காரர்கள் 376 பேரில் 345 பேருக்கு நோய் இருந்ததாக 2023-இல் வெளியான எண்ணிக்கையைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானமாக அளிப்பதால், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ளக் கூடாது. உயிரோடு இருப்பவருக்கு இந்நோயை உறுதிசெய்யும் சோதனையும் இன்னும் வரவில்லை. அதனால்தான் ஒரு ரிசீவர் ஓய்வுபெறும் நாளில், அவர் நலமாக விடைபெற்றார் என்று யாராலும் எழுதிவிட முடியாது.

இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பள்ளி அணிகளில் சேர்கிறார்கள். என் மகன் ஏழாம் வகுப்பில் சேர விரும்பியபோது, ரிசீவராகத்தானே ஆடப் போகிறான், அடிபடாது என்றார் ஒரு பயிற்சியாளர். நல்ல மனத்தோடு சொன்னார் என்றே நம்புகிறேன்; ஆனாலும் நான் கையெழுத்திடவில்லை. தங்கள் கட்டுரையில் அதே கருத்தைத் தமிழில் கண்டதே இக்கடிதத்துக்குக் காரணம்.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டோடு சேர்த்து 2028 போட்டிக்கு அனுமதித்தது ஃப்ளாக் ஃபுட்பாலை. இடுப்பில் தொங்கும் துணிப் பட்டையை உருவினால் அங்கே ஓட்டம் முடிந்துவிடும், ஆளை வீழ்த்துவதில்லை. தங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே ஆட்டமாக விவரித்திருக்கிறது. இந்த வேறுபாட்டையும், ரிசீவரின் இடத்தைப் பற்றிய திருத்தத்தையும், அதே விளையாட்டுப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆரோரா, கொலராடோ