ஓ.ஏ.இ. காது சோதனையில் 'பாஸ்' ஆனால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'ஒரே ஊசியில் காது கேட்டது' என்ற ரீதியில் மரபணு சிகிச்சைச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. செய்தி பொய்யில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, "ஊசி வர்ற வரைக்கும் காது மெஷின் வேண்டாமே" என்று அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பெற்றோர் கேட்கத் தொடங்கியிருப்பதால் சில விவரங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக மருத்துவமனை ஆறு குழந்தைகளுக்கு ஒரு காதில் மட்டும் இந்த மரபணு மருந்தைச் செலுத்தி, முடிவை 2024 ஜனவரியில் 'லான்செட்' இதழில் வெளியிட்டது. ஐந்து பேருக்கு 26 வாரங்களில் கேட்கும் அளவு 40 முதல் 57 டெசிபல் வரை மேம்பட்டது. ஒரு குழந்தைக்குப் பலனில்லை. அதே மாதம் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையும் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பலன் கிடைத்ததாக அறிவித்தது. இவர்கள் எல்லோருக்கும் பழுது ஒரே மரபணுவில்தான்: ஓட்டோஃப். உள்காதின் மயிர்ச்செல் ஒலியை வாங்கி நரம்புக்குக் கைமாற்றும் இடத்தில் வேலை செய்யும் ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் இந்த மரபணுவிலிருந்துதான் உருவாகிறது. மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸில் சுமார் 4,700 மரபணு எழுத்துகளுக்குத்தான் இடம். ஓட்டோஃபுக்கோ ஏறக்குறைய 6,000 வேண்டும். அதனால் இரண்டாகப் பிரித்து இரண்டு வைரஸ்களில் ஏற்றி, செல்லுக்குள் போய் ஒன்றுசேர வைக்கிறார்கள். அபாரமான வேலைதான், சந்தேகமில்லை.

ஆனால் பிறவிக் காது கேளாமையில் ஓட்டோஃபின் பங்கு சில சதவீதமே. நம் நாட்டில் அதிகம் தென்படுவது ஜி.ஜே.பி.2 மரபணுவில் வரும் 'டபிள்யூ 24 எக்ஸ்' மாற்றம். அதற்கு இந்த ஊசி பொருந்தாது. இறந்துபோன மயிர்ச்செல்லை மீண்டும் முளைக்க வைக்கும் முயற்சி தனிக்கதை. கோழிக்கு அது தானாக முளைக்கிறது, மனிதனுக்கு முளைப்பதில்லை. அமெரிக்காவின் ஹியரிங் ஹெல்த் ஃபவுண்டேஷன் 2011 முதல் கோழி, வரிக்குதிரை மீன், எலி மூன்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்து வருகிறது. பெரிதாகப் பேசப்பட்ட எஃப்.எக்ஸ்-322 என்ற மருந்து 2023-இல் மனிதச் சோதனையில் தோற்றுப்போனது.

இந்த ஆராய்ச்சியிலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இன்றைக்கே உதவக்கூடியது ஊசியல்ல. பரிசோதனை பற்றிய ஒரு பாடம். பச்சிளங்குழந்தைக்கு முதலில் செய்யும் ஓ.ஏ.இ. சோதனை, காதுக்குள் சின்ன ஒலி அனுப்பி, வெளி மயிர்ச்செல்கள் திருப்பித் தரும் எதிரொலியை மட்டும் அளக்கிறது. ஓட்டோஃப் பழுதுள்ள குழந்தைக்கு வெளி மயிர்ச்செல் நன்றாகவே இருக்கும்; பழுது நரம்புக்குக் கைமாற்றும் இடத்தில்தான். எனவே காது கேட்காத அந்தக் குழந்தை 'பாஸ்' ஆகி வீட்டுக்குப் போய்விடும்! கடும் மஞ்சள் காமாலை, குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல் என்று வந்த குழந்தைகளிலும் இதே நிலை ஏற்படலாம். ஊசி யாருக்குப் பொருந்துமோ அவர்களைத்தான் ஓ.ஏ.இ. மட்டும் பார்க்கிற இடத்தில் தவறவிடுகிறோம்.

இதற்கு 'பெரா' சோதனை வேண்டும். நெற்றியிலும் இரு காதுகளின் பின்புறமும் எலெக்ட்ரோடு ஒட்டி, காதில் 'கிளிக்' ஒலி கொடுத்து, நரம்பு வழியே மூளைத்தண்டு வரை செய்தி போகிறதா என்று பார்ப்பது. ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை வந்த குழந்தை, குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே காது கேளாமை இருக்கிற வீட்டுக் குழந்தை ஆகியோருக்கு ஓ.ஏ.இ. எப்படி இருந்தாலும் பெரா எடுத்தாக வேண்டும். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற வழக்கம் உள்ள ஊர்கள் இவை. தாய், தகப்பன் இருவருமே ஒரே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்குக் கேட்கிறது என்பதால் இரண்டாவதை விட்டுவிடக் கூடாது.

பெரா பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் மெஷின் காரணமல்ல, எண்ணெய். குளிப்பாட்டி, தலைக்கும் நெற்றிக்கும் எண்ணெய் வைத்து, பவுடர் போட்டுக் கொண்டுவந்தால் எலெக்ட்ரோடு ஒட்டாது. தோலின் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காது. அலைக்குப் பதில் இரைச்சல்தான் பதிவாகும். அன்றைக்கு எண்ணெய், பவுடர், மை எதுவும் வேண்டாம். அடுத்தது தூக்கம். அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரியிலிருந்தோ பஸ் ஏறினால் குழந்தை வழியெல்லாம் தூங்கி, சோதனை அறைக்கு வந்ததும் கொட்டக்கொட்ட விழிக்கும். வழியில் விழித்திருக்க வைத்து, எலெக்ட்ரோடு ஒட்டிய பிறகு பால் கொடுத்தால் தானே அசந்துவிடும்.

பரிசோதிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அலை வரவில்லை என்றால், கிளிக்கின் இரண்டு துருவங்களையும் (செவிப்பறையை உள்ளே தள்ளும் ஒலி, வெளியே இழுக்கும் ஒலி) மாற்றி மாற்றிக் கொடுப்பதை நிறுத்தி, தனித்தனியே கொடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் அலை துருவத்தோடு தலைகீழாகத் திரும்பினால் அது காக்லியாவின், அதாவது உள்காதின், பதில். பின்னால் நரம்பின் அலை இல்லையென்றால் சிக்கல் நரம்பில், அல்லது அதற்குக் கைமாற்றும் இடத்தில். ஒலி வரும் ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்ததும் அந்த அலை மறைய வேண்டும். மறையாவிட்டால் அது காதின் பதிலல்ல, மெஷினிலிருந்து வரும் மின் இரைச்சல். மாற்றி மாற்றிக் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும், தடயமே இருக்காது. ஓட்டோஃப் குழந்தைகளில் நாளடைவில் ஓ.ஏ.இ.யும் மறைந்துபோகலாம் என்பதால் முதல் மாதத்துத் தாள்கள் பின்னால் பொன்னுக்குச் சமம்.

ஓ.ஏ.இ. 'ரெஃபர்' (பாஸ் ஆகவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்) என்று வந்தாலும் கலங்க வேண்டியதில்லை. பிறந்த முதல் நாளில் காதுக்குழாயில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சும், நடுக்காதில் தேங்கிய நீரும், வார்டு சத்தமும் போதும், அந்த முடிவு வர. ஓரிரு வாரத்தில் மறுபடி செய்ய வேண்டும். அந்த மறுசோதனைக்கு வராமல் போவதுதான் ஆபத்து.

ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவி என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு. ஊசிக்காகக் காத்திருந்தால் பேச்சு வளரும் வயது போய்விடும். கருவியில் போதிய பலன் தெரியாவிட்டால், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்லியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) உண்டு, ஓட்டோஃப், ஜி.ஜே.பி.2 இரண்டு வகைக் குழந்தைகளுக்கும் அது பொதுவாக நன்றாகவே கைகொடுக்கிறது. கருவி 'கீ' என்று கத்தினால் அதைக் கழற்றி வைப்பதல்ல வழி. காது வளர்ந்து மோல்டு (காதின் அளவுக்கு வார்த்த அச்சு) தளர்ந்திருக்கும். கைக்குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை புது மோல்டு எடுக்க வேண்டும்.

சுகாதாரத் துறையிடம் கேட்பது இரண்டுதான். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து குழந்தையை டிஸ்சார்ஜ் செய்யுமுன் பெராவைக் கட்டாயமாக்க வேண்டும். தாய் சேய் நல அட்டையில் 'காது சோதனை முடிந்தது' என்று எழுதாமல், எந்தச் சோதனை, எந்தக் காதில், என்ன முடிவு என்று எழுத வேண்டும்.

இப்படிக்கு,
கேட்பியல், பேச்சுப் பயிற்சித் துறையினர் சிலர்,
தருமபுரி.