கீஃப்ரேமுக்கு முன்னால் யூசர் கவுண்டைச் சொல்லிக்கொடுங்கள்

இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், இராமேசுவரம் பக்கம் பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளைக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கீஃப்ரேம் (எந்த நேரத்தில் பொருள் எந்த நிலையில் என்ற குறி) போடத் தெரிகிறது, ரெண்டர் எடுக்கவும் (காட்சியைப் படமாக்கவும்) தெரிகிறது. ஆனால் ஃபைலுக்குள் எது நிற்கும், எது போகும் என்று தெரியவில்லை.

பாம்பன் புதுப் பாலத்தின் தூக்குப் பகுதியை ஒரு தம்பி அனிமேட் பண்ணினான். 72.5 மீட்டர் நீளச் சட்டம் 17 மீட்டர் செங்குத்தாக ஏற வேண்டும். கிளம்பும்போது மெல்ல வேகம் பிடித்து, உச்சியில் பதமாக அடங்கும், அத்தனை நேர்த்தி. ஒரு அசைவின் கீஃப்ரேம்களை பிளெண்டர் ஆக்‌ஷன் என்ற தொகுப்பாக வைத்திருக்கும். அடுத்து, இறங்கும் அசைவுக்காக ஆக்‌ஷன் பெயருக்குப் பக்கத்திலுள்ள எக்ஸ் குறியை அழுத்திவிட்டுப் புது ஆக்‌ஷன் தொடங்கினான். பழையது சேமிக்கப்படாது, ஃபேக் யூசர் (எதுவும் பயன்படுத்தாவிட்டாலும் சேமிக்க வைக்கும் பொய்க் கணக்கு) வை என்று பிளெண்டரே எச்சரித்தது. அதன் பொருள் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சேவ் பண்ணி மூடினான். மறுநாள் திறந்தால் இறக்கம் மட்டும்தான் இருந்தது.

மெஷ் (பொருளின் வடிவம்), மெட்டீரியல் (அதன் மேற்பரப்புத் தோற்றம்), ஆக்‌ஷன் ஒவ்வொன்றையும் எத்தனை இடங்கள் பயன்படுத்துகின்றன என்று பிளெண்டர் எண்ணி வைக்கிறது. அந்த எண்தான் யூசர் கவுண்ட். கடைசிக் கயிற்றை அவிழ்த்த வள்ளம் அந்த நொடியே கரையை விட்டுப் போய்விடாது. அதுபோல எண்ணிக்கை பூஜ்யமானாலும் ஃபைல் திறந்திருக்கும்வரை எல்லாம் அப்படியே இருக்கும். சேவ் செய்யும்போதுதான் அது ஃபைலில் எழுதப்படாமல் விடுபடும். பிள்ளைகள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்.

'எல்லாவற்றுக்கும் கேடயக் குறியை (ஃபேக் யூசர் பொத்தானை) அழுத்திவிடு' என்று சில வகுப்புகளில் சொல்கிறார்களாம். தயவுசெய்து வேண்டாம். ஃபேக் யூசர் வைத்ததைப் பர்ஜ் (பயன்படாததைத் துடைக்கும் கட்டளை) தொடாது. வேண்டாத டெக்ஸ்சரெல்லாம் தங்கி ஃபைல் ஊதிப்போகும். திரும்பத் தேவைப்படும் ஆக்‌ஷனுக்கு மட்டும் வைக்கட்டும், அல்லது என்எல்ஏவில் (அசைவுகளை அடுக்கிவைக்கும் எடிட்டரில்) ஸ்டாஷ் பண்ணட்டும், அதாவது ஒதுக்கி வைக்கட்டும்.

பைத்தான் மொழியில் நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஒரு ஆப்ஜெக்டை வேரியபிளில் பிடித்து வைத்துவிட்டு அன்டூ செய்தால் அந்தப் பிடி செல்லாது. பிளெண்டரே கிராஷ் ஆகலாம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மறுபடி தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு மெட்டீரியலைக் கழற்றச் சொல்லுங்கள். பட்டியலில் அதன் பெயருக்கு முன்னால் விழும் 0-வைக் காட்டுங்கள். அவுட்லைனரில் (ஃபைலில் உள்ளவற்றைப் பட்டியலிடும் பகுதியில்) அன்யூஸ்டு டேட்டாவை, பழைய பதிப்புகளில் ஆர்ஃபன் டேட்டாவை, திறந்து காட்டுங்கள். பிறகு சேவ் செய்து, மூடி, அவர்கள் கையாலேயே மறுபடி திறக்க விடுங்கள்.

அன்புடன்,
தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அனிமேட்டர்